மருதாயி இன்னா சொன்னா?

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் ஜெயம், போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பட்டா மாறுதலுக்கு வந்திருந்த நான்கு பேரை அப்படியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். "அஞ்சே நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்றவள் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ரோட்டில் இறங்கி ஓடினாள். வயது ஐம்பத்தொன்பது. முட்டிவலிக்குத் தினமும் தைலம் தேய்க்கிறவள். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, பக்கத்து டீக்கடைக்காரர் கையில் கிளாசோடு கூடவே நாலு எட்டு ஓடினார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷோபனா போனில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான். 'மருதாயி கிளப்புக்கடை மறுபடியும் டிவியில்! பழைய நேயர்களே, உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்' என்று அதில் போட்டிருந்தது. கீழே ஒரு நம்பர். அதற்குக் கீழே ஷோபனா, 'அம்மா, உன் ஆளு வர்றா' என்று எழுதியிருந்தாள்.

ஜெயம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் புருஷன் சம்பந்தம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கவர்மெண்ட் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயத்துக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க! மருதாயி திரும்பி வர்றாளாம்!"

"எந்த மருதாயி?"

"நம்ம மருதாயிங்க. கிளப்புக்கடை மருதாயி!"

சம்பந்தம் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவதான் புருஷன்கூட பஸ் ஏறிப் போயிட்டாளே" என்றார்.

"போகல!"

இந்தச் சண்டைக்கு முப்பத்துமூன்று வயது. அது எப்படி மூண்டது என்று சொல்ல, முதலில் தொண்டூருக்குப் போகவேண்டும்.

ஜெயம் தொண்டூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எண்பத்தைந்தாம் வருஷம் அவளுக்குப் பத்தொன்பது வயது. பத்தாவது முடித்துவிட்டு, தினமும் பஸ் பிடித்து செஞ்சிக்கு வந்து, காந்தி பஜாரில் மரப்படி ஏறிப் போகிற ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டிருந்தாள். பேசுகிறவர் வேகத்துக்குக் கோடும் வளைவும் கொக்கியுமாகக் கிறுக்கிக்கொண்டு போய், பிறகு அதைப் பார்த்து முழுசாகப் படிப்பதுதான் சுருக்கெழுத்து. அங்கே கோதண்டராமன் மாஸ்டர் ஒருநாள் அவளிடம், "நான் வாசிச்சா உனக்காக கொஞ்சம் நிறுத்தி வாசிப்பேன். ரேடியோ யாருக்காகவும் நிக்காது. அதைக் கேட்டு எழுது" என்றார்.

வீட்டில் நைனாவின் டிரான்சிஸ்டர் இருந்தது. காலைச் செய்தியைக் கேட்டு எழுதினாள். விலைவாசி, மழை நிலவரம், மந்திரி பேச்சு எல்லாம் ஒரே வேகம். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. வேறு ஏதாவது வேண்டும் என்று தேடியபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற சத்தம் 'ஸ்ஸ்ஸ்' என்று டிரான்சிஸ்டரிலிருந்து வந்தது. பின்னாலேயே ஒரு கரகரத்த பெண்குரல், "யாருப்பா அது, கால நீட்டிக்கிட்டு? இது கடையா சத்திரமா?" என்று அதட்டியது. ஜெயம் நீட்டியிருந்த காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

பதின்மூன்று வாரம் வந்த தொடர் நாடகம் அது. ஒரு மாதத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் ஆறு வருஷமாகத் திரும்பாததால், மருதாயி என்கிறவள் பஸ் நிற்கிற இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு இட்லி சுட்டு விற்கிறாள். பஞ்சாயத்துத் தலைவர் அவளைக் கிளப்பிவிடப் பார்க்கிறார். டிரைவர்கள் அவள் பக்கம் நிற்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல்! அடுப்புப் புகையிலேயே வருஷக்கணக்காக நின்று கத்திக் கத்திக் கமறிப்போன குரல். முதல் வாரம் பயிற்சிக்காக எழுதினாள் ஜெயம். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு சொல்லையும் விட மனசு வராமல் எழுதினாள்.

அப்போது வேர்க்கடலைப் பருவம், மல்லாட்டை பறிக்கிற காலம். ஞாயிற்றுக்கிழமையும் மேட்டுக் கொல்லை நிலத்தில் வேலை இருந்தது. வேலைக்குப் போன பெண்கள் யாருக்கும் ரேடியோ கேட்க நேரம் கிடையாது. திங்கட்கிழமை அவர்கள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஜெயம் நோட்டோடு போய் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். மருதாயிக்குக் குரலைக் கரகரப்பாக்கிக்கொள்வாள், தலைவருக்கு மூக்கால் பேசுவாள். லட்சுமியம்மாள் என்று ஒரு நாற்பது வயதுக்காரி, தலைவர் பேச்சு வந்தாலே பக்கத்தில் கிடக்கிற மல்லாட்டைக் கொடியை எடுத்துத்த் தரையில் அடித்து, "இவன் நாக்குல புத்து வைக்க!" என்று திட்டுவாள். நாலாவது வாரத்திலிருந்து, ஜெயம் வரப்பில் வருவது தெரிந்ததுமே அங்கிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"ஏ ஜெயம்! மருதாயி இன்னா சொன்னா?"

பதின்மூன்றாவது வாரம் பேட்டரி தீர்ந்துபோனது. செஞ்சிக்குப் போய் வாங்கி வர அன்றைக்குப் பஸ் இல்லை. காலையிலிருந்தே நாலு பேட்டரிகளையும் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து, இரண்டு மணிக்கு எடுத்துப் போட்டாள். கால் மணி நேரம் நன்றாகப் பாடியது. பிறகு குரல் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போயிற்று. ஜெயம் டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்க்காமலேயே கிறுக்கினாள். ஆறு வருஷம் கழித்துப் புருஷன் வந்து நிற்கிறான். "நான் வந்துட்டேன், கிளம்பு மருதாயி" என்கிறான். மருதாயி பதில் சொல்கிறாள். தோசைக்கல் சத்தம். முடிந்தது.

மறுநாள் அதைக் கொல்லையில் படித்துக் காட்டினாள். கேட்டதும் லட்சுமியம்மாள் தொடையில் அடித்துக்கொண்டு, "அப்புடிப் போடு!" என்றாள். அந்தச் சத்தத்துக்கு வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தன.

ஜெயம் தேர்வில் தேறி, செஞ்சியில் ஒரு வக்கீலிடம் மூன்று வருஷம் சுருக்கெழுத்து வேலை பார்த்தாள். தொண்ணூறில் சம்பந்தத்தைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கே குடிவந்தாள். தொண்ணூற்றிரண்டில் சம்பந்தம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். மரத்தில் இழுத்து மூடுகிற கதவு வைத்த டிவி. அந்த வருஷமே 'மருதாயி கிளப்புக்கடை' டிவியில் வந்தது. தெருவே அவர்கள் வீட்டில் கூடியது.

திரையில் மருதாயியைப் பார்த்ததும் ஜெயத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒல்லியாக, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிற ஒருத்தி. சரி, கண்ணுக்குப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டாள். கடைசி வாரம் புருஷன் வந்தான். "கிளம்பு மருதாயி" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட இருக்கணும்" என்று கடையைப் பூட்டி, சாவியைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு அவன் பின்னாலேயே பஸ் ஏறினாள்.

ஜெயம் எழுந்து நின்றுவிட்டாள். "பொய்! இது இல்ல! அவ போகல!"

பின்னால் இருந்தவர்கள், "உக்காரு ஜெயம், மறைக்குது" என்றார்கள்.

சம்பந்தத்துக்கோ அந்த முடிவு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசிக் காட்சியில் பஸ் வந்ததே, அதற்காகவே பிடித்துவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்த பக்குவத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார். அன்றைக்கு ஆரம்பித்தது. கல்யாண வீட்டில், ரேஷன் வரிசையில், சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால்கூட இந்தப் பேச்சு வந்துவிடும்.

"நான் கண்ணால பாத்தேன்" என்பார் சம்பந்தம்.

"நான் காதால கேட்டேன்" என்பாள் ஜெயம்.

கண்ணுக்குத்தான் சாட்சி அதிகம். ரேடியோவில் கேட்டவர்கள்கூட டிவியில் பார்த்த பிறகு அதையே சொன்னார்கள். ஜெயத்தின் நோட்டுகள் கையில் இருந்திருந்தால் அன்றே காட்டியிருப்பாள். தொண்டூரில் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டியபோது பழைய தாள்களெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன என்று அவள் தம்பி பெரியதம்பி சொல்லியிருந்தான். அவளும் நம்பிவிட்டாள்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு வீட்டிலிருந்தே போன் போட்டாள். எடுத்தவள் வித்யாஸ்ரீ, அந்தத் தொடரை எடுக்கப்போகிற இயக்குநர். சென்னைப் பெண், இளம் குரல்.

"ரேடியோவுல முடிவு வேற மா. டிவியில மாத்திட்டாங்க" என்று எடுத்த எடுப்பில் சொன்னாள் ஜெயம்.

"நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க மேடம். ஒருத்தர் மருதாயி செத்துப்போயிட்டாங்கறார். இன்னொருத்தர் அவளுக்கு லாட்டரி விழுந்துச்சுங்கறார்."

"லாட்டரியா? எவன் சொன்னது?"

வித்யாஸ்ரீ சிரித்துவிட்டாள். பிறகு விவரம் சொன்னாள். ரேடியோ நாடகத்தின் நாடாவை அந்தக் காலத்திலேயே அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்களாம். எழுதிய அம்மாள் இறந்துவிட்டார். கையெழுத்துப் பிரதியும் இல்லை. டிவியில் வந்தது மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பங்குனி பிறந்ததும் ஷூட்டிங்.

"உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா மேடம்? எதுவா இருந்தாலும் பரவாயில்லை."

"இருந்துச்சு மா" என்றாள் ஜெயம். போனை வைத்துவிட்டாள். கடைக்குத் திரும்பி, காத்திருந்தவர்களுக்கு மனு அடித்தாள். முதல் மனுவில் 'மனுதாரர்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'மருதாயி' என்று விழுந்திருந்தது. தாலுகா ஆபீசுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்த பெரியவர், "ஏம்மா, யாரு இந்த மருதாயி? எங்க பங்காளில அப்புடி யாரும் கிடையாதே" என்றார்.

சாயங்காலம், எதற்கும் இருக்கட்டும் என்று தம்பிக்குப் போன் செய்தாள்.

"பெரியதம்பி, என் தகரப்பெட்டி ஒண்ணு இருந்துச்சே, அதுவும் போயிடுச்சா?"

"பெட்டி இருக்குதுக்கா. மாடியில கெடக்குது. அது மேலதான் வெத மூட்டைய அடுக்கியிருக்குறேன். பூட்டு போட்ருக்குது, சாவிதான் காணோம்."

"உள்ள இன்னா இருக்குது?"

"யாருக்குத் தெரியும்? தொறந்தாதான தெரியும்?"

ஜெயம் போனைக் கையில் வைத்துக்கொண்டே சம்பந்தத்தைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைல வண்டிய எடுக்குறேன்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் தொண்டூரில் இருந்தார்கள். விதை மூட்டைகளை இறக்கிப் பெட்டியை இழுத்தபோது பல்லி ஒன்று ஓடியது. பெரியதம்பி கடப்பாறையை வைத்து நெம்பினான். பூட்டு தெறித்து விழுந்தது. உள்ளே இன்ஸ்டிடியூட் சான்றிதழ், ஒரு பாவாடை, உடைந்த வளையல், அதன் கீழே நூலால் கட்டிய நோட்டுகள். ஜெயம் தரையில் உட்கார்ந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். பதின்மூன்று.

"இருக்குது!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

முதல் நோட்டைத் திறந்தாள். கோடு, வளைவு, கொக்கி, புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த பக்கம் திருப்பினாள். அதற்கடுத்த பக்கம். முகம் மாறிவிட்டது.

"இன்னா ஜெயம்?" என்றார் சம்பந்தம்.

"படிக்க வரலங்க."

சுருக்கெழுத்தை விட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். பேசுவதைக் கேட்டு எழுதச் சொல்லி யாரும் அவளிடம் வரவே இல்லை. பெரியதம்பி எட்டிப் பார்த்து, "கோழி கெளறுன மாதிரி இருக்குதுக்கா" என்றான். வண்டியில் திரும்பும்போது நோட்டுக்கட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே ராஜகிரி மலை வெயிலில் பளிச்சென்று நின்றது. சம்பந்தம் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே யோசித்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் போனில் ரேடியோவை வைத்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார்.

"எழுது."

"இப்ப எதுக்குங்க இது?"

"படிக்கத்தான மறந்து போச்சு? எழுதிப் பாரு. எனக்கு ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாச்சு. இப்ப விசில் கையில குடுத்தா திண்டிவனம் வரைக்கும் எந்த ஸ்டாப்புல இன்னா விசில்னு கை தானா சொல்லும்."

எழுதினாள். முதல் நாள் பத்து வார்த்தைக்கு ஒன்று பிடித்தாள். இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் காலைச் செய்தியில் வானிலை அறிக்கை வந்தபோது பேனா அவளைக் கேட்காமலேயே ஓடியது. 'கனமழை' என்று எழுதிய கோட்டைத் தடுமாறாமல் திரும்பப் படித்தாள். நோட்டுக்கட்டிலிருந்து முதல் நோட்டை உருவினாள். முதல் வரி கண்ணில் பட்டதும் வாய்விட்டுப் படித்தாள்.

"யாருப்பா அது, கால நீட்டிக்கிட்டு? இது கடையா சத்திரமா?"

சமையலறையிலிருந்து சம்பந்தம் கரண்டியோடு ஓடிவந்தார்.

அதற்கப்புறம் பத்து நாள் தாலுகா ஆபீஸ் எதிர்ப்புறம் திருவிழா மாதிரி இருந்தது. ஜெயம் ஒரு கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு, உரக்கப் படித்துக்கொண்டே டைப் அடித்தாள். மனு அடிக்க வந்தவர்கள் தங்கள் வேலை முடிந்தும் போகவில்லை. டீக்கடைக்காரர் பாய்லரை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். ஆபீசில் கையெழுத்து வாங்க வந்த தலையாரி ஒருவர், "தலைவர் கொட்டகைய பிரிக்கச் சொல்லிட்டாரா இல்லையா, அத மட்டும் சொல்லிடும்மா, உள்ள கூப்புடுறாங்க" என்று கெஞ்சினார். வாரிசு சான்றிதழுக்கு வந்த இரண்டு பேர், பேசாமல் இருந்த பங்காளிகள், பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

முடிந்த வாரத்தையெல்லாம் அன்றன்றே வித்யாஸ்ரீக்கு அனுப்பினாள். ஐந்தாவது வாரம் போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"மேடம், டிரைவர்கள் எல்லாம் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி கடையைக் காப்பாத்துற சீன்! இது டிவியில வரவே இல்லை! இதை நீங்களா சேர்த்து எழுதலையே?"

"நான் எங்க எழுதுறது? கேட்டத எழுதுனேன்."

"அடுத்தது எப்ப மேடம் வரும்?" அவள் குரலும் இப்போது அந்த டீக்கடைப் பெஞ்சுக்காரர்கள் குரல் மாதிரியே இருந்தது.

பதின்மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பெஞ்சில் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெயம் படித்தாள். புருஷன் வந்தான். "நான் வந்துட்டேன், கிளம்பு மருதாயி." அடுத்த வரி. அங்கே அவள் நின்றுவிட்டாள்.

பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தபோது பார்க்காமல் எழுதிய வரி அது. 'க'வுக்கு ஒரு கோடு, 'ட'வுக்கு ஒரு கோடு, பிறகு 'இருக்க' என்று ஒரு கிறுக்கல். உயிரெழுத்துக்கான புள்ளி எதுவும் இல்லை. இவ்வளவு காலமும் அவள் காதில் 'கடை இருக்குது' என்றுதான் இருந்தது. ஆனால் தாளில் இருந்த அதே இரண்டு கோட்டை 'கூட' என்றும் படிக்கலாம். அதற்கடுத்த வரியும் கைகொடுக்கவில்லை; புறப்படுகிறவள் கடைக்கு வந்தவர்களைக் கடைசியாக உபசரிப்பதாகவும் அதைப் படிக்கலாம். 'கூட இருக்க' என்றால் டிவியில் சொன்னதுதான் சரி. சம்பந்தம் சொன்னதுதான் சரி.

"இன்னா சொன்னாம்மா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நாளைக்கு சொல்றேன்" என்று ஷட்டரை இறக்கினாள்.

வித்யாஸ்ரீயிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள். "என் காதுல ஒண்ணு இருக்குது. நோட்டுல ரெண்டு மாதிரியும் படிக்கலாம். என் காத நம்பி நீ படம் எடுக்கக்கூடாது மா." "நாளைக்கு வரைக்கும் பாருங்க மேடம்" என்றாள் வித்யாஸ்ரீ.

அன்று ராத்திரி ஜெயம் அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருவேளை தான் ஆசைப்பட்டதைத்தான் கேட்டோமோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. சம்பந்தம் அன்றைக்குக் கேலி பேசவில்லை. "வேற அடையாளம் ஒண்ணும் கெடையாதா அதுல?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குதுங்க. பாக்காம எழுதுனாலும் பழகுன கை எடத்த மாத்தாது. கோட்டுக்கு மேல எழுதியிருந்தா 'கட'. நோட்டுல இருக்கற நீலக் கோட்ட வெட்டிக்கிட்டு கீழ எறங்கியிருந்தா 'கூட'. ஆனா அந்தப் பக்கம் ஈரம் பட்டு, நீலக் கோடெல்லாம் அழிஞ்சு போயிருக்குது."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயில் நன்றாக ஏறியதும், இரண்டு பேரும் நோட்டோடு மொட்டைமாடிக்குப் போனார்கள். ஜெயத்துக்குக் கண்ணாடி போட்டும் ஒன்றும் தெரியவில்லை. தாள் பழுப்பாக, வெறுமனே இருந்தது. சம்பந்தம் நோட்டை வாங்கி, அந்த ஒரு தாளை மட்டும் விரித்து, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பஸ்ஸில் முப்பது வருஷம் கசங்கின ரூபாய் நோட்டு, அழிந்த பாஸ், எல்லாம் பார்த்த கண்.

"கோடு தெரியுது" என்றார்.

ஜெயம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "எங்க இருக்குது? வெட்டுதா?"

அவர் தாளைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மேல இருக்குது ஜெயம்."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"நல்லாதான் பாத்தேன். கோட்டத் தொடவே இல்ல. கடதான். 'கடை இருக்குது'." நோட்டைக் கீழே இறக்கி, அந்த வரியை அவரே வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அதுக்கப்புறம் இன்னா சொல்றா? படி" என்றார்.

ஜெயம் அந்த மாடியில் நின்றபடியே, சுற்றிலும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, கரகரத்த குரலில் உரக்கப் படித்தாள்.

"கடை இருக்குது. வந்தவங்க கைய கழுவிட்டு உக்காருங்க. இன்னா சாப்புடுறீங்க, இட்லியா தோசையா?"

புதிய தொடர் ஆவணி மாதத்தில் டிவியில் வந்தது. அந்த வாரமே வித்யாஸ்ரீயின் ஆட்கள் அதை நாடகமாகக் குரல் பதிந்து எஃப்எம் ரேடியோவிலும் போட்டார்கள். மருதாயியாக நடித்த பெண்ணுக்கு எப்படிப் பேசவேண்டும் என்று போனில் சொல்லிக்கொடுத்தது ஜெயம்தான். "தொண்டைய கெடுத்துக்கோ கண்ணு, அழகா பேசாத" என்றாள். கடைசி வாரம் ஜெயத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. தொண்டூரிலிருந்து லட்சுமியம்மாளை ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார்கள். எண்பது வயதிலும் அவள் தலைவரைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்துவிட்டாள். முடிவில், 'பதின்மூன்று வாரமும் கேட்டு எழுதியவர்: ஜெயம், செஞ்சி' என்று திரையில் எழுத்து வந்தது. அதை எல்லாரும் படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. மறுபடியும் போடச் சொல்லி சம்பந்தம் டிவியைப் பார்த்துக் கத்தினார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. பனமலையில் இருக்கிற கன்னியப்பன் என்று ஒரு விவசாயி.

"அம்மா, உங்க பேர டிவில பாத்தேன். எங்கிட்ட ஒரு கேசட் இருக்குது. அந்தக் காலத்துல ரேடியோ பக்கத்துல டேப்ரிக்கார்டர வெச்சுப் பாட்டு புடிக்கிற பழக்கம் எனக்கு. பாட்டுக்கு நடுவுல ஒரு பொம்பள தோச சுடுற மாதிரி வருது. அது உங்க மருதாயியான்னு தெரில. வந்து கேக்குறீங்களா?"

அவர் பேசி முடிப்பதற்குள் சம்பந்தம் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். அனந்தபுரம் தாண்டி, பனமலை ஏரிக்கரை மேல் போகும்போது ஜெயம் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். "கொஞ்சம் வேகமா போங்க." முப்பது வருஷம் பஸ்ஸிலேயே ஓடினவர், ஆனாலும் மெதுவாக ஓட்டுகிறவர். அன்றைக்கு வேகமாகவே போனார்.

கன்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் டேப்ரிக்கார்டரைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். கேசட்டைப் போட்டு அமுக்கினார். முதலில் இரைச்சல். பாதியில் நின்ற ஒரு நாதஸ்வரம். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று மாவு கல்லில் விழுந்தது. ஜெயம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்னி வேணுமா, எந்திரிச்சு வந்து வாங்கிக்கோ. எனக்கு ரெண்டு கைதான்" என்றது அந்தக் குரல். நாற்பது வருஷத்துக்குப் பிறகு, ஒரு துளி மாறாமல், அதே புகை, அதே கமறல்.

அதன்மேலேயே இன்னொரு குரல் விழுந்தது. ரேடியோவுக்கு வெளியே, பனமலையில், யாரோ ஒரு பெண் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். "சூ, சூ, போ அந்தாண்ட!"

"எங்கம்மா அது" என்றார் கன்னியப்பன், திடுக்கிட்டு. "எங்கம்மா செத்து இருவது வருஷமாச்சும்மா. இவ்ளோ நாளு நான் கவனிக்கவே இல்ல."

இரண்டு பெண்களும் சேர்ந்து பேசினார்கள். ஒருத்தி சட்னி கேட்டவனை அதட்டினாள், இன்னொருத்தி கோழியை அதட்டினாள். சம்பந்தம் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காதை ஸ்பீக்கர்மேலேயே வைத்துவிட்டார். "இதான் மருதாயியா! இதான் மருதாயியா ஜெயம்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெயத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்றே நிமிஷம். நாடா 'டக்' என்று நின்றது.

மூன்று பேரின் கைகளும் ஒரே நேரத்தில் பொத்தானுக்குப் போயின.

"பொறுங்க, பொறுங்க, நாடா சிக்கிக்கும்" என்றார் கன்னியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மொதல்லேர்ந்து போடுறேன்."